கடைமடையில் தண்ணீர் வரவில்லை என்றால்: படத்தொகுப்பு பழகுகிறவர்களுக்கு

படம் தொடங்கி ஆறாவது நிமிடத்தில் டீக்கடை அண்ணாச்சி காலால் செருப்பைத் துழாவினார்.

பாளையங்கோட்டையில் ஒரு டியூஷன் வகுப்பின் மொட்டை மாடி. இரண்டு கம்புகளுக்கு நடுவே இழுத்துக் கட்டிய எட்டு முழ வேட்டிதான் திரை. கோரைப்பாயில் 12 பேர் உட்கார்ந்திருந்தார்கள். கல்லூரி மாணவர்கள் மூன்று பேர் சேர்ந்து எடுத்த 18 நிமிடத் த்ரில்லர் ஓடிக்கொண்டிருந்தது. எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். நான் அவர்களுடைய கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படம் முடிந்ததும் அதை இயக்கிய மாணவி ஓடிவந்து, "எப்படி இருந்தது அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

"ரொம்ப நன்றாக இருந்தது தாயி. பெரிய ஆளாக வருவாய், பார்" என்று சொல்லிவிட்டு அவர் கடையைத் திறக்கப் போய்விட்டார்.

அவள் தன் நோட்டில் 'அண்ணாச்சி: நன்று' என்று எழுதிக்கொண்டாள். நான் என் நோட்டில் '6:10, செருப்பு' என்று எழுதியிருந்தேன். அடுத்த மூன்று வாரங்கள் நாங்கள் நால்வரும் உழைத்தது என் நோட்டில் இருந்த அந்த ஒரு வரிக்காகத்தான்.

நான் கல்யாண வீடியோ வெட்டி வயிறு வளர்த்தவன். குறும்படங்களும் சில செய்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு எடிட்டிங் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். மொட்டை மாடியில் ஓடிய அந்த மஞ்சள் பைப் படத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஓர் இளைஞன், திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து வண்ணார்பேட்டைக்கு இரவு டவுன் பஸ்ஸில் வருகிறான். மடியில் மஞ்சள் பை. பக்கத்து இருக்கைக்காரர் மடியிலும் ஒரு மஞ்சள் பை. இறங்குகிற அவசரத்தில் பை மாறிவிடுகிறது. அறைக்கு வந்து திறந்தால், உள்ளே ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பும் ஒரு கைபேசியும். கைபேசி அடிக்கிறது. எடுத்தால் மறுமுனையில் மூச்சுச் சத்தம் மட்டும். பயந்துபோய் வெளியே வந்தால் யாரோ பின்னால் வருகிறார்கள். சுலோச்சன முதலியார் பாலத்தின் மேல் துரத்தல், குறுக்குத்துறைப் படித்துறையில் முடிவு. பின்னால் வந்தவர், காணாமல் போன மகளைத் தேடும் தகப்பன். இவனைக் கடத்தல்காரன் என்று அவர் நினைத்திருக்கிறார். அவரைக் கொலைகாரன் என்று நினைத்து இவன் ஓடியிருக்கிறான். கல்லூரிப் பிள்ளைகள் யோசித்ததற்கு நல்ல கதைதான்.

எடிட்டிங் என்றதும் வெட்டுவது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். வெட்டுவது தையற்காரர் வேலையில் பாதி. வெட்டிய துண்டுகளைச் சேர்த்துச் சட்டையாக்குவது மீதிப் பாதி. தமிழில் இதற்குப் படத்தொகுப்பு என்று பெயர் வைத்தவர் யாரோ, விஷயம் தெரிந்தவர். எந்தத் துண்டுக்குப் பக்கத்தில் எந்தத் துண்டு, எவ்வளவு நேரம், எந்தச் சத்தத்தோடு என்று முடிவு செய்வதுதான் இந்த வேலை.

பக்கத்தில் வைப்பதால் என்ன ஆகிவிடும்? சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் என்ற திரைப்பட இயக்குநர் இதைச் சோதித்துப் பார்த்தார். ஒரு நடிகரின் சலனமில்லாத முகத்தை ஒரு சூப் கிண்ணத்தோடு சேர்த்தார். அதே முகத்தை ஒரு சவப்பெட்டியோடும் சேர்த்தார். பார்த்தவர்களுக்கு முதலாவதில் பசியும் இரண்டாவதில் துக்கமும் தெரிந்தனவாம். முகம் ஒன்றுதான். பக்கத்தில் இருந்த படம்தான் அர்த்தத்தைக் கொடுத்தது. எங்கள் படத்திலும் இது நடந்தது. கதாநாயகன் பைக்குள் இருக்கும் செருப்பைக் கண்டு உறைந்துபோகும் ஷாட் ஒன்று இருக்கிறது. பார்த்தவர்கள் பலரும் அந்த நடிப்பைப் புகழ்ந்தார்கள். அதை எடுக்கும்போது அவன் உண்மையில் பார்த்துக்கொண்டிருந்தது எதிரே இருந்த பரோட்டாக் கடையை. மணி இரவு பதினொன்று, பயலுக்குப் பசி.

படச்சுருள் காலத்தில் இந்த வேலையைக் கையால் செய்தார்கள். 35 மில்லிமீட்டர் சுருளில் ஓர் அடிக்கு 16 ஃபிரேம், அதாவது 16 தனித்தனி அசையாப் படங்கள். ஒரு விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடும். ஆக, ஒரு நிமிடப் படத்துக்கு 90 அடிச் சுருள். தவறாக வெட்டினால் மறுபடி ஒட்டவேண்டும் என்பதால், கத்தி வைக்கும் முன் நன்றாக யோசித்தார்கள். இப்போது ஓர் அழுத்தில் வெட்டு, இன்னோர் அழுத்தில் பழையபடி. அந்தக் காலம்போல வருமா என்று நான் புலம்பப் போவதில்லை. வெட்டி வெட்டிப் பார்த்துக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல காலம் கிடையாது. டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பே ஒரு குறும்படத்துக்குத் தாராளம். கணினி பழையது என்றால் கேடன்லைவ் போதும். எந்த மென்பொருள் நல்லது என்று சண்டை போட்டே பல பிள்ளைகள் ஒரு வருடத்தைக் கழித்துவிடுகிறார்கள்.

கைபேசியில் படமெடுப்பவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல கைபேசிகள் வெளிச்சத்தைப் பொறுத்து ஃபிரேம் எண்ணிக்கையைத் தாமாகவே ஏற்றி இறக்கும். டைம்லைனில், அதாவது மென்பொருளில் துண்டுகளை வரிசையாக அடுக்கும் பட்டையில், போட்டால் தொடக்கத்தில் உதடும் சத்தமும் ஒட்டியிருக்கும், போகப்போகப் பிரிந்துவிடும். வேலையைத் தொடங்குவதற்கு முன்பே எல்லாக் கோப்புகளையும் ஒரே நிலையான எண்ணிக்கைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். எங்கள் படம் 24-இல் இருந்தது.

மாணவர்கள் நான்கு மணி நேரத்துக்கு எடுத்துவைத்திருந்தார்கள். ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரு பதிவை மட்டும் எடுத்துக் கதை வரிசையில் அடுக்கியபோது 31 நிமிடம் வந்தது. இந்த முதல் அடுக்கைப் பார்த்தால் யாருக்கும் அழுகைதான் வரும். தான் எடுத்தது இவ்வளவு மட்டமா என்று இயக்கிய பிள்ளை இரண்டு நாள் வரவில்லை. முதல் அடுக்கு எப்போதும் அப்படித்தான் இருக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லாதது என் தவறு. பிறகு உட்கார்ந்து 18 நிமிடத்துக்குக் கொண்டுவந்து, வேட்டியைக் கட்டி, அண்ணாச்சியைக் கூப்பிட்டோம்.

அன்று பார்த்த 12 பேரிடமும் பேசுவதற்கு முன் ஒரு துண்டுத்தாளில் எழுதி வாங்கினோம். இந்த வரிசை முக்கியம். முதலில் பேசவிட்டால், குரல் பெரிதாக இருப்பவர் சொன்னதையே மற்றவர்களும் சொல்வார்கள். 'துரத்தல் ரொம்ப நீளம்' என்று ஒன்பது பேர் எழுதியிருந்தார்கள். 'பாலத்துக் காட்சியைக் குறைக்கவும்' என்று ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் அடிக்கோடு இட்டிருந்தார்.

ஒன்பது பேர் சொன்னால் அப்பீல் ஏது? பிள்ளைகள் துரத்தலில் மூன்று நிமிடத்தை வெட்டி எறிந்தார்கள். நானும் தடுக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, 15 நிமிடப் படம், வேறு எட்டுப் பேர். ஐந்து துண்டுத்தாள்களில் மறுபடியும்: 'துரத்தல் நீளம்.'

மூன்று நிமிடம் குறைந்த படம் எப்படி அதே அளவுக்கு நீளமாகத் தெரியும்?

என் பெரியப்பாவின் வயல் பாளையங்காலின் கடைமடையில் இருந்தது. தாமிரபரணியிலிருந்து பிரியும் கால்வாய் அது. வயல் காய ஆரம்பித்தால் பெரியப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போகமாட்டார். சைக்கிளை எடுத்துக்கொண்டு கால்வாய்க் கரையோடு மேலே போவார். மூன்று நான்கு மைல் தள்ளி எங்கோ அமலைச் செடி அடைத்திருக்கும். அல்லது யாரோ மடைப் பலகையை இறக்கியிருப்பார்கள். காய்வது கடைமடை, அடைப்பு மேலே. அதற்காகக் கடைமடை விவசாயி பொய் சொல்கிறார் என்று ஆகாது. அவர் வயல் காய்வது உண்மை. வாய்க்காலில் எந்த இடத்தில் அடைப்பு என்பது மட்டும் அவருக்குத் தெரியாது.

பார்வையாளர் கருத்தும் அப்படித்தான். 'இங்கே சலிப்பாக இருந்தது' என்று ஒருவர் சொன்னால் அது உண்மை. அதோடு வாதாட முடியாது. 'இதை வெட்டிவிடுங்கள்' என்று அவரே வைத்தியமும் சொன்னால், அது பெரும்பாலும் தவறான இடத்துக்குப் போடும் மருந்துப் பத்து. ஹாலிவுட் எடிட்டர் வால்டர் மர்ச் இதையே உடம்பை வைத்துச் சொல்லியிருக்கிறார். முழங்கை வலிக்கிறது என்று வருகிறவருக்குக் கோளாறு தோளில் இருக்கலாம். வலிக்கிற இடத்திலேயே கத்தி வைத்தால் என்ன ஆகும்? எங்கள் துரத்தலுக்கு ஆனதுதான்.

சரி, மேலே போய்ப் பார்ப்பது எப்படி? நான் பிள்ளைகளுக்குச் சொன்ன வழி ஒன்றுதான்: கருத்துக் கேட்காதீர்கள், கதை கேளுங்கள். படம் பார்த்தவரை உட்காரவைத்து, "இந்தப் படத்தைப் பார்க்காத உங்கள் தம்பிக்குக் கதை சொல்வதுபோல் சொல்லுங்கள்" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். இடையில் "இல்லை சார், அது என்னவென்றால்..." என்று தொடங்கவே கூடாது. நீங்கள் தியேட்டரில் ஒவ்வொரு இருக்கைக்கும் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கப்போவதில்லை.

இரண்டாவது ஞாயிறு வந்த எட்டுப் பேரிடமும் இப்படிக் கேட்டோம். ஐந்து பேர் கதையில் பை மாறவே இல்லை. "அவன் அந்த ஆளுடைய பையைத் திருடிவிட்டான்" என்றார் ஒருவர். "பை அவனுடையதுதான், செருப்பை யாரோ உள்ளே போட்டுவிட்டார்கள்" என்றார் இன்னொருவர். ஒரு பாட்டி, "அந்தச் செருப்பு அவன் தங்கச்சியுடையதா?" என்று எங்களையே கேட்டார். துரத்தல் நடக்கும் நேரம் முழுவதும் இவர்கள் பயந்துகொண்டிருக்கவில்லை, கணக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். யார் பை, எதற்காக ஓடுகிறான், பின்னால் வருகிறவர் யார்? கணக்குப் போடுகிறவனுக்கு ஓட்டம் நீளமாகத்தான் தெரியும். அண்ணாச்சி செருப்பைத் துழாவிய 6:10 எந்த இடம் என்று பார்த்தேன். பையைத் திறந்து செருப்பைப் பார்க்கும் இடம். படத்திலேயே பெரிய அதிர்ச்சி வரவேண்டிய இடத்தில் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அது தன் பை அல்ல என்று அவனுக்குத் தெரியும், அண்ணாச்சிக்குத் தெரியாது.

அடைப்பு இரண்டாவது நிமிடத்தில் இருந்தது. பஸ்ஸுக்குள் நடப்பதைத் துண்டு துண்டாகப் பார்ப்போம். முதல் ஷாட்டில் இரண்டு மடிகளில் இரண்டு பைகள். அடுத்ததில் கண்டக்டர் விசில். மூன்றாவது, தூங்கிக்கொண்டிருந்த இளைஞன் திடுக்கிட்டு விழிக்கும் முகம், ஏறக்குறைய மூன்று விநாடி. நான்காவது, கை ஒரு பையைத் தூக்குகிறது. ஐந்தாவது, படிக்கட்டில் இறங்கும் கால்கள். கதை முழுவதும் தொங்கிக்கொண்டிருப்பது அந்த நான்காவது ஷாட்டில். அதன் நீளம் 18 ஃபிரேம். முக்கால் விநாடி.

"வேகமாக இருந்தால்தான் த்ரில்லர் சார்" என்றாள் இயக்கிய பிள்ளை. அவளைக் குறை சொல்ல முடியாது. அந்த ஷாட்டை அவள் இருநூறு தடவை பார்த்திருப்பாள். இருநூறு தடவை பார்த்தவளுக்கு 18 ஃபிரேம் தாராளம். என்ன வரப்போகிறது என்று முன்பே தெரிகிறதே. முதல் தடவை பார்க்கிறவர், அது பை என்று உணர்வதற்குள் கால்கள் படியிறங்கிவிடுகின்றன. எடிட்டருக்கு வரும் முதல் நோய் இதுதான்: தெரிந்த கண்ணால் பார்ப்பது. பார்வையாளர் என்ற ஒருவரை வெளியிலிருந்து அழைத்துவர வேண்டியிருப்பதும் இதனால்தான்.

நான் ஒரு நாட்டு முறை சொல்வேன். ஷாட் சொல்ல வேண்டிய சேதியை ஒரு வாக்கியமாக நிதானமாக வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். 'அவன் தெரியாமல் அவர் பையை எடுத்துவிட்டான்.' இதைச் சொல்லி முடிக்க ஆகும் நேரமாவது அந்த ஷாட் திரையில் நிற்கட்டும். எல்லா ஷாட்டுக்கும் இது பொருந்தாது. கதையைச் சுமக்கும் ஷாட்டுகளுக்குப் பொருந்தும்.

எடுத்துவைத்திருந்த காட்சிகளைத் தோண்டினோம். இளைஞனின் பையில் மருந்துக்கடைப் பெயர் அச்சடித்திருக்கும். மற்றது வெறும் பை. எடுக்கும்போதே பிள்ளைகள் இதை யோசித்துச் செய்திருக்கிறார்கள், வெட்டும்போது மறந்துவிட்டார்கள்! அதே ஷாட்டை மறுபடி எடுத்த வேறொரு டேக்கில், கை அச்சடித்த பையின் பக்கம் போய், பஸ் குலுங்கியதும் தடுமாறி, வெறும் பையைப் பிடிக்கிறது. அதை 48 ஃபிரேம் வைத்தோம். முதல் ஷாட்டில் அச்செழுத்து தெரியும் அளவுக்குக் கொஞ்சம் கூடுதலாக நின்றோம். கால்கள் இறங்கியபின், இருக்கையில் மிஞ்சியிருக்கும் அச்சடித்த பையை ஒரு விநாடி காட்டினோம். விழிக்கும் முகத்தை மூன்று விநாடியிலிருந்து ஒன்றாக்கினோம். மொத்தத்தில் அந்தக் காட்சி கூடியது ஒன்றரை விநாடிகூட இல்லை.

விசிலையும் நகர்த்தினோம். முன்பு கண்டக்டர் முகம் வந்தபிறகு விசில் கேட்டது. இப்போது, பைகள் திரையில் இருக்கும்போதே விசில் கேட்கும். அதன்பிறகுதான் கண்டக்டர் வருவார். வரப்போகும் ஷாட்டின் சத்தம் முந்திக்கொண்டு வருவதற்கு ஜே-கட் என்று பெயர். போன ஷாட்டின் சத்தம் அடுத்த ஷாட்டுக்குள்ளும் நீடித்தால் எல்-கட். டைம்லைனில் படத்துண்டும் சத்தத்துண்டும் சேர்ந்து J, L என்ற ஆங்கில எழுத்துகளின் வடிவத்தில் தெரிவதால் வந்த பெயர்கள். படமும் சத்தமும் எப்போதும் ஒரே இடத்தில் வெட்டப்பட்டால் படம் மாட்டுவண்டிபோல் குலுங்கும். இந்த இரண்டையும் பழகினாலே பாதிக் குலுக்கல் போய்விடும்.

சத்தம் பற்றிப் பேச்சு வந்ததால் இன்னொன்று. ஒவ்வோர் இடத்திலும் யாரும் பேசாமல், அசையாமல், வெறும் சூழலை அரை நிமிடம் பதிவு செய்துகொள்ளுங்கள். வசனங்களுக்கு நடுவே வரும் ஓட்டைகளை அடைக்க அது வேண்டும். படித்துறைக் காட்சியை ஆடியில் எடுத்தார்கள். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், மைக் எம்மாத்திரம். பாதி வசனத்தை அறைக்குள் உட்கார்ந்து மறுபடி பேசவைத்தோம். ஆற்றங்கரை அரை நிமிடம் கையில் இருந்ததால், அதை அடியில் விரித்து ஒப்பேற்ற முடிந்தது.

பாலத்திலும் ஒரு கோளாறு இருந்தது. இது உண்மையாகவே அந்த இடத்துக் கோளாறு. 1843-இல் திறந்த பாலம் அது. ஜங்ஷனையும் பாளையங்கோட்டைப் பக்கத்தையும் சேர்ப்பது. கேமராவை ஒரு பக்க நடைபாதையில் வைத்து எடுத்தால், ஜங்ஷனை நோக்கி ஓடுகிறவன் திரையில் இடமிருந்து வலமாக ஓடுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாலையைக் கடந்து எதிர் நடைபாதைக்குப் போய் எடுத்தால், அதே ஆள் அதே ஜங்ஷனை நோக்கி ஓடினாலும் திரையில் வலமிருந்து இடமாக ஓடுவான். நடுவில் ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொண்டு, அதன் ஒரே பக்கத்தில் நின்று எடுக்கவேண்டும் என்பதற்கு 180 டிகிரி விதி என்று பெயர். விளக்கு வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று பிள்ளைகள் கோட்டைத் தாண்டிவிட்டார்கள். 'இரண்டு பேரும் ஏன் எதிரெதிரே ஓடி வருகிறார்கள்?' என்று இரண்டு தாள்களில் கேள்வி இருந்தது. ஓடுகிறவனை நேர் எதிரிலிருந்து எடுத்த ஷாட் ஒன்று கிடைத்தது. இடமும் இல்லை, வலமும் இல்லை. அதை நடுவில் வைத்ததும் திசை மாறியது உறுத்தவில்லை.

அதேசமயம், இயக்கிய பிள்ளை இரண்டு இரவு தூங்காமல் மறைத்த ஒரு தவறு உண்டு. ஓடும்போது கதாநாயகன் கையில் கடிகாரம் வருகிறது, போகிறது, வருகிறது. மூன்று திரையிடல்களில் மொத்தம் 27 பேர் பார்த்தார்கள். ஒருவரும் அதை எழுதவில்லை. எந்த இடத்தில் வெட்டுவது என்பதற்கு மர்ச் ஆறு அளவுகோல்கள் சொல்கிறார். உணர்ச்சிக்கு 51 சதவீதம், கதைக்கு 23. இடத்தின் தொடர்ச்சிக்குக் கடைசியாக நான்கே நான்கு. இதை ரேஷன் அளவுபோல நிறுத்துப் பார்க்க வேண்டியதில்லை. எதற்காக எதை விட்டுக்கொடுக்கலாம் என்ற வரிசையாக எடுத்துக்கொண்டால் போதும். பயம் உண்மையாக இருந்தால் கடிகாரத்தை யாரும் பார்க்கமாட்டார்கள். ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டார் என்றால், கவலைப்பட வேண்டியது கடிகாரத்தைப் பற்றி அல்ல.

பை மாறுவது தெளிவானபிறகும் துரத்தலில் ஏதோ குறைந்தது. பழைய வடிவத்தில் தகப்பனின் முகம் கடைசிவரை மறைத்து வைக்கப்பட்டிருந்தது. பையை இழந்த அவர் என்ன ஆனார் என்றே படம் கண்டுகொள்ளவில்லை. படித்துறையில் விளக்கு வெளிச்சத்தில் முகம் தெரியும்போது அதிர்ச்சி வரவேண்டும் என்பது பிள்ளைகளின் திட்டம். இந்த இடத்தில் த்ரில்லர் பட இயக்குநர் ஹிட்ச்காக் சொன்ன உதாரணத்தைச் சொல்லாமல் த்ரில்லர் சொல்லிக்கொடுக்க முடியாது. இரண்டு பேர் மேசையில் உட்கார்ந்து பேசுகிறார்கள். திடீரென்று மேசைக்கு அடியில் குண்டு வெடிக்கிறது. பார்வையாளருக்குப் பதினைந்து விநாடி அதிர்ச்சி. குண்டு இருப்பதை முன்பே பார்வையாளருக்குக் காட்டிவிட்டு, அதே வெட்டிப் பேச்சைப் பேசவிடுங்கள். பதினைந்து நிமிடப் பதைப்பு. பேசுகிறவர்களுக்குத் தெரியாது, பார்க்கிறவருக்குத் தெரியும். அந்த வித்தியாசத்தில்தான் த்ரில்லர் நடக்கிறது.

தகப்பன் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, கையில் மாறிய பையோடு இருட்டில் திரும்பிப் பார்க்கும் ஷாட் ஒன்று வெட்டி எறிந்ததில் கிடந்தது. அதை இளைஞன் அறைக் கதவைத் திறப்பதற்கு முன்னால் வைத்தோம். அவர் யார், எதற்குத் தேடுகிறார் என்று சொல்லவில்லை. ஒருவர் பையைத் தேடிப் புறப்பட்டுவிட்டார் என்பது மட்டும் நமக்குத் தெரியும், இளைஞனுக்குத் தெரியாது. இப்போது அவன் கைகால் கழுவுவதுகூடப் பதைப்பாக இருந்தது. அதே ஷாட்தான், ஒரு ஃபிரேம்கூட மாற்றவில்லை. வெட்டிப்போட்ட துரத்தலைப் பெரும்பாலும் திரும்ப எடுத்து வைத்தோம். படம் 17 நிமிடம் 20 விநாடி ஆனது. மூன்றாவது ஞாயிறு ஏழு பேர் பார்த்தார்கள். துரத்தல் நீளம் என்று ஒரு தாளிலும் இல்லை.

ஏழு பேர்தானா என்று கேட்கலாம். ஒரு மனிதர் ஒரு படத்தை முதல் தடவையாக ஒரே ஒரு தடவைதான் பார்க்க முடியும். இருக்கிற சொந்தபந்தம் அத்தனை பேரையும் முதல் திரையிடலுக்கே கூப்பிட்டுத் தீர்த்துவிட்டால், திருத்தியதை யாருக்குக் காட்டுவீர்கள்? விதைநெல்போலக் கொஞ்சம் பேரை ஒதுக்கி வையுங்கள். கூப்பிடுகிறவர்களிலும் நண்பர்கள் குறைவாக இருக்கட்டும். படப்பிடிப்பில் விளக்குப் பிடித்தவன் பார்வையாளன் ஆகமாட்டான். திரையிடுவதற்கு முன் "இது முழுமையாகவில்லை, இசை போடவேண்டும், நிறம் சரிசெய்ய வேண்டும்" என்று நீட்டி முழக்காதீர்கள். மாப்பிள்ளையைக் காட்டும் முன்பே அவன் நொண்டி என்று சொன்னால், எல்லோரும் காலைத்தான் பார்ப்பார்கள்.

படம் ஓடும்போது நீங்கள் திரைக்குப் பக்கத்தில், பார்வையாளரை நோக்கி உட்காருங்கள். உங்கள் படத்தை நீங்கள் பார்த்தது போதும். எங்கள் பக்கம் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டு கேட்டவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது. நடுச்சாமத்தில் கூட்டம் கண்ணயர்கிறதா, நாலு பேர் எழுந்து டீ குடிக்கப் போகிறார்களா என்று வில்லிசைப் புலவர் பாடிக்கொண்டே பார்த்துவிடுவார். வர்ணனையைச் சுருக்கிக் கதையை இழுப்பார்; குடம் அடிப்பவருக்கு ஒரு பார்வை, சத்தம் ஏறும். அவர் யாரிடமும் துண்டுத்தாள் கொடுத்துக் கருத்துக் கேட்பதில்லை. பாயில் உட்கார்ந்திருப்பவரின் முதுகு வளைவதும், பக்கத்து ஆளிடம் குனிவதும், கைபேசி வெளிச்சம் முகத்தில் விழுவதும் தாளில் எழுதுவதைவிட நேர்மையானவை. நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். ஒருவர் நெளிந்தால் கொசுவாக இருக்கலாம். மூன்று பேர் ஒரே விநாடியில் நெளிந்தால் கொசு அல்ல.

எல்லாவற்றையும் கேட்டுக்கொள்ள வேண்டும் என்றும் இல்லை. குழந்தையைத் தனியாக விடாதீர்கள் என்று கடைசியில் ஒரு வாசகம் போடச் சொன்னார் தலைமையாசிரியர். தகப்பனையே வில்லனாக்கிவிட்டால் இன்னும் நன்றாக இருக்கும் என்றான் ஒரு பையன். அது வேறு படம். மகள் கிடைத்துவிட்டதைக் காட்டுங்கள் என்று மூன்றாவது திரையிடலில் நான்கு பேர் எழுதினார்கள். இது கொஞ்சம் யோசிக்கவைத்தது. அவர்கள் கதை சொன்னதைக் கேட்டோம். ஒருவரும் எதையும் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை. மகளுக்கு என்ன ஆனதோ என்று மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அந்த வலி இயக்கிய பிள்ளை வேண்டுமென்றே வைத்தது. "இது அடைப்பு இல்லை சார், நான் கட்டிய அணை" என்றாள். நான் மறுபேச்சுப் பேசவில்லை.

அதே ஞாயிறு ஓர் ஆச்சி மட்டும் தாளில் எதுவும் எழுதவில்லை. எழுத வராது என்றார். படியிறங்கும்போது நின்று, "எல்லாம் சரி, அந்த மனுசன் இவன் வீட்டை எப்படிக் கண்டுபிடித்தார்?" என்று கேட்டார். நாங்கள் நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கதை எழுதியபோது யாருக்கும் தோன்றவில்லை. 26 பேர் கேட்கவில்லை. புதிதாக ஒரு ஷாட் எடுக்கலாம் என்றால் தகப்பனாக நடித்தவர் வேலைக்காக வெளியூர் போய்விட்டார்.

இரவு எட்டு மணிக்கு உட்கார்ந்து மறுபடியும் நான்கு மணி நேரக் காட்சிகளையும் முதலிலிருந்து ஓட்டினோம். பதினொன்றரைக்குக் கேமரா பிடித்த பையன் "நிறுத்துங்கள்" என்றான். ஃபோகஸ் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காக அவன் எடுத்து, அழிக்க மறந்துபோன நான்கு விநாடி. தெருவிளக்கின் கீழே தகப்பனாக நடித்தவர் சும்மா நின்றுகொண்டு, கையிலிருந்த பையை வெளிச்சத்தில் திருப்பி, அதில் அச்சடித்திருந்த கடைப் பெயரை வாசிக்கிறார். படப்பிடிப்பு எப்போது தொடங்கும் என்ற அலுப்பில் வாசிக்கிறார். அது இப்போது படத்தில் நான்காவது நிமிடத்தில் இருக்கிறது.